"வாக்கிங் போகச் சொல்லுங்க"ன்னு டாக்டர் எழுதிட்டார். கட்டிலை விட்டே எழாத தம்பியை எப்படிக் கிளப்புறது?

காவிரிக்கரையான் (திருச்சி)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறவன், எழுதுறது இப்பதான்.

என் தம்பிக்கு 34 வயசு. பெங்களூர்ல ஐடி வேலை, போன வருஷம் விட்டுட்டு வந்துட்டான். இப்ப ஸ்ரீரங்கத்துல எங்க வீட்லதான் இருக்கான். மனச்சோர்வுன்னு சைக்யாட்ரிஸ்ட் சொல்லி எஸ்சிடாலோபிராம் மாத்திரை ஓடிட்டிருக்கு. தூக்கம் கொஞ்சம் சரியாச்சு, சாப்பாடு பரவாயில்ல. ஆனா பகல் முழுக்க கட்டில்தான். ஃபேனைப் பார்த்துக்கிட்டே கிடப்பான். போன தடவை போனப்ப டாக்டர் சீட்டோட கடைசி வரியா "தினமும் 45 நிமிடம் நடைப்பயிற்சி"ன்னு எழுதிட்டார். "இதுவும் மருந்துதான், விடாம செய்ய வைங்க"ன்னு என்கிட்ட சொன்னார்.

வீட்ல ஆளாளுக்கு ஒரு வழி. அப்பா காலைல அஞ்சு மணிக்கே லைட்டைப் போட்டு "எந்திரிடா, அம்மா மண்டபம் வரைக்கும் நடந்துட்டு வா, எல்லாம் சரியாப் போயிடும்"னு ஆரம்பிப்பார். அம்மா சமயபுரத்துக்கு வேண்டியிருக்காங்க. நான் என் பங்குக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன், ஜிம்முக்கு ஆறு மாசத்துக்குப் பணம் கட்டினேன். ஷூ பெட்டியை விட்டு வெளிய வரல. ஜிம்லருந்து போன் வந்தா எடுக்கிறதில்ல. நேத்து அப்பா "மாத்திரை முழுங்கத் தெரியுது, நடக்கத் தெரியலையா"ன்னு கேட்டுட்டார். அதுலருந்து ரூம் கதவு சாத்தியே இருக்கு.

ரெண்டு கேள்விதான். இந்த நடை நிஜமாவே வைத்தியமா, இல்ல டாக்டர்கள் பேச்சுக்குச் சொல்றதா? வைத்தியம்தான்னா, எழவே முடியாதவனை அதுக்கு எப்படிக் கொண்டு போறது?

எலும்பும்தசையும் (மதுரை)

நான் பிசியோ. முதுகுவலி, முட்டிவலின்னு வர்றவங்கள்ல உள்ளுக்குள்ள மனச்சோர்வும் இருக்கிறவங்க ஏராளம். அதனால இதுல கொஞ்சம் பழக்கம் உண்டு.

முதல்ல அந்த அஞ்சு மணி லைட்டை நிறுத்தச் சொல்லுங்க சார். மனச்சோர்வு கடுமையா இருக்கிற பலருக்கு விடியக்காலைதான் நாள்லயே மோசமான நேரம். பொழுது ஏற ஏற கொஞ்சம் இளகும். சாயங்காலம் நாலு வார்த்தை பேசுவாங்க. நம்ம ஊர்ல வாக்கிங்னாலே கோழி கூவுறப்ப போகணும்னு யாரோ சட்டம் போட்டு வெச்சிருக்காங்க, அது இவங்களுக்குப் பொருந்தாது. தம்பிக்கு எந்த நேரம் லேசா இருக்குன்னு சும்மா கவனிங்க. மாலை ஆறு மணின்னா அதான் அவருக்கு நேரம். வெயிலும் தாழ்ந்திருக்கும்.

45 நிமிஷத்தை இப்போதைக்கு மறந்துடுங்க. மாசக்கணக்குல படுத்தே இருந்தவருக்குத் தொடைச் சதை இளைச்சிருக்கும், நாலு படி ஏறினாலே நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பே அவருக்கு பயமாத் தெரியும். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினாப் போதும். கூட நடக்கிறவர்கிட்ட மூச்சிரைக்காம பேச முடியணும், ஆரம்பத்துல அதான் வேகத்துக்கு அளவு. உடம்பு பழகினப்புறம் "பேசலாம், ஆனா பாட முடியாது"ங்கற வேகத்துக்கு வரலாம்.

ஷூவும் வேண்டாம், செருப்பு போதும். ஷூ, ட்ராக் பேண்ட், வாட்சுன்னு மாட்டிக்கிட்டாலே தெருவே பார்க்கிற மாதிரி ஆயிடும் அவருக்கு. அப்புறம், "வாக்கிங் போலாமா"ன்னு கேட்காதீங்க. கேட்டா வர்ற பதில் எப்பவும் "வேண்டாம்"தான். "பால் பாக்கெட் வாங்கப் போறேன், வாடா"ன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நில்லுங்க. கேட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு, போனைப் பார்க்காம நில்லுங்க. ஆளை அனுப்பி வைக்கிறது வேற, கூட்டிட்டுப் போறது வேற.

ஜிம்முக்குக் கட்டின பணம் போனது போனதுதான். சுத்திலும் கண்ணாடி, காதைக் கிழிக்கிற பாட்டு. இப்ப அவருக்கு அது தண்டனை.

சந்தேகப்பிராணி

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இந்த மாதிரி பேச்சுலதான் ஆபத்தே இருக்கு. நாளைக்கு ஒருத்தர் இதைப் படிச்சிட்டு மாத்திரையை நிறுத்திட்டு மெரினாவுல ஓடப் போவார். எழுந்து நடக்க முடியாததே அந்த நோயோட அறிகுறி. அவனை நடன்னு சொல்றது கால் ஒடிஞ்சவன்கிட்ட "ஓடு, எலும்பு கூடிடும்"னு சொல்ற மாதிரி இல்லையா? எங்க சித்தப்பாவுக்கு இதே அறிவுரையைத்தான் ஊரே சொல்லிச்சு. அறிவுரை சொன்னவங்க எல்லாம் நல்லா நடந்தாங்க, அவர் நடக்கல.

வாட்சப்ல சுத்துற "ஒரு மணி நேர நடை, நூறு மாத்திரைக்குச் சமம்" வகையறா வேண்டாம். ஆதாரம் இருந்தா எண்ணோட போடுங்க, பேசலாம்.

எண்கணக்கன் (சென்னை)

மருந்து ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரம் பார்க்கிறது என் தொழில். சந்தேகப்பிராணி கேட்டது நியாயமான கேள்வி. ஆதாரம் இருக்கிறது, ஆனால் வாட்சப் சொல்கிற அளவுக்கு இல்லை.

அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமந்தால் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு. 50 வயதுக்கு மேற்பட்ட, மனச்சோர்வு உறுதியான 156 பேர். ஒரு பிரிவுக்குக் கண்காணிப்போடு வாரம் மூன்று முறை உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தன. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தொடக்க வாரங்களில் மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் சீக்கிரம் பலன் தெரிந்தது. நடை மெதுவாக வேலை செய்கிறது. "பத்து நாளா நடக்கிறேன், ஒண்ணும் மாறலையே" என்று விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே குழு 2007இல் 202 பேரை வைத்து மறுபடி செய்தது, இந்த முறை வெற்று மாத்திரை (மருந்தே இல்லாத போலி மாத்திரை) பிரிவும் சேர்த்து. முழுதாகத் தேறியவர்கள்: கண்காணிப்போடு குழுவாகப் பயிற்சி செய்தவர்களில் 45 சதவீதம், வீட்டிலேயே தானாகச் செய்தவர்களில் 40, செர்ட்ராலின் எடுத்தவர்களில் 47, வெற்று மாத்திரையில் 31. அந்த 31ஐயும் பாருங்கள். கவனிப்பு, காலம், நம்பிக்கை மூன்றுமே கொஞ்சம் வேலை செய்கின்றன. மேலும் இவை விளம்பரம் பார்த்துத் தாமாக முன்வந்தவர்களை வைத்துச் செய்தவை. கட்டிலில் கிடக்கிறவர் விளம்பரம் பார்த்து வரமாட்டார்.

இப்போது மறுபக்கம். 2012இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ட்ரெட் என்ற ஆய்வு வந்தது. இங்கிலாந்தில் 361 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு, உடல் அசைவைக் கூட்ட ஊக்கப்படுத்தும் ஒரு உதவியாளர். சில முறை நேரில், மற்றபடி தொலைபேசியில். அவர்கள் உண்மையில் முன்பைவிட அதிகம் அசைந்தார்கள். ஆனால் மனச்சோர்வு அளவில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. "உடற்பயிற்சி பலனளிக்காது" என்று பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. அது சரியான வாசிப்பு இல்லை என்பது என் கருத்து. அங்கே சோதிக்கப்பட்டது போனில் சொல்லும் ஊக்கம். கூடவே வந்து, நாள் குறித்து, அளவு வைத்துச் செய்யவைக்கும் பயிற்சி அல்ல. திருச்சி நண்பருக்குத் தேவையான பதில் தோற்றுப்போன இந்த ஆய்வில்தான் இருக்கிறது.

மொத்தமாகத் தொகுத்தவையும் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013 தொகுப்பில் எல்லா ஆய்வையும் சேர்த்தால் மிதமான பலன். தரமான ஆய்வுகளை மட்டும் பொறுக்கினால் பலன் நன்றாகச் சுருங்கிவிட்டது. 2024இல் 218 ஆய்வுகள், 14,170 பேர் என்று பெரிய தொகுப்பு ஒன்று அதே பிரிட்டிஷ் இதழில் வந்தது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி மூன்றும் முன்னால் நின்றன. அதிலும் பல ஆய்வுகளின் தரம் சுமார்தான் என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உண்மையான சிகிச்சை. ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவர் மாத்திரையோடு சேர்த்துச் செய்வது.

மாடித்தோட்டம் (கோவை)

எண்கணக்கன் சார் எழுதினதைப் படிச்சேன், நல்லது. நான் அந்தக் கட்டில்ல கிடந்தவ. அந்தப் பக்கத்துலருந்து கொஞ்சம் சொல்றேன்.

வெளிய இருக்கிறவங்களுக்கு அது சோம்பல் மாதிரி தெரியுது. உள்ள எப்படி இருக்கும் தெரியுமா? பல் தேய்க்கணும்னு நினைப்பேன். பிரஷ் எங்க, பேஸ்ட் தீர்ந்துபோச்சா, பாத்ரூம் வரைக்கும் போகணும், தண்ணி சில்லுன்னு இருக்கும், திரும்பி வரணும். ஒவ்வொண்ணும் தனித்தனி வேலையா வந்து வரிசையா நிக்கும். யோசிச்சே களைச்சுப் போய் மறுபடி படுத்துடுவேன். அந்த நிலைமையில "45 நிமிஷம்"னு கேட்டா அழுகைதான் வரும்.

என் மாமியார் "வீட்டு வேலை பார்த்தாலே எக்ஸர்சைஸ்தானே, தனியா எதுக்கு நடை"ன்னு கேட்டாங்க. இதைப் பெண்கள் நிறையப் பேர் கேட்டிருப்பீங்க. பாத்திரம் கழுவுறதுல உடம்பு அசையும், ஒத்துக்கறேன். ஆனா அது ஏற்கெனவே மூச்சு முட்டின அதே சுவர், அதே சிங்க். நடைங்கறது எனக்குன்னு இருந்த அரைமணி நேரம். அதை வீட்டு வேலைக் கணக்குல சேர்த்துடாதீங்க.

தெருவுல நடக்க எனக்குக் கூச்சம். யாராவது "என்னம்மா ஆளையே காணோம், குண்டாயிட்ட"ன்னு கேட்பாங்களோன்னு பயம். (மாத்திரையில எடை போட்டிருந்தேன், உண்மைதான். அதைத் தெருவுல வெச்சுத்தான் சொல்லணுமா?) அதனால மொட்டை மாடியில தொடங்கினேன். வீட்டுக்காரர் எதுவும் பேசமாட்டார். துணி எடுக்கப் போறப்ப "ஒரு கை பிடி"ன்னு பக்கெட்டைக் கொடுப்பார். மேல போனா அப்படியே தண்ணித் தொட்டியைச் சுத்திச் சுத்தி நடப்போம். கொடியில காயுற சேலைக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு போகணும், அதுவே ஒரு உடற்பயிற்சி. தெருவுக்கு இறங்கினது ரொம்ப அப்புறம்.

ஒரு விஷயம் மட்டும் வேண்டிக் கேட்டுக்கறேன். ஸ்டெப் எண்ணுற வாட்ச் வாங்கிக் கொடுக்காதீங்க. பத்தாயிரம்னு அது இலக்கு வெச்சிருக்கும், நாம எழுநூறுல நிப்போம். "பார், இதுகூட உன்னால முடியல"ன்னு மனசு ஏற்கெனவே சொல்லிட்டிருக்கும், அதுக்கு இந்த வாட்ச் சாட்சி சொல்லும். நடந்துட்டு வந்ததும் "இப்ப எப்படி இருக்கு, நல்லா இருக்கா?"ன்னு முகத்தையே பார்க்கிறதும் வேண்டாம். நல்லா இல்லைன்னா நாங்க பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

குளிர்தேசத்தான் (லண்டன்)

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள், இஞ்ச வந்து கனகாலம். என்ர கதையும் கிட்டத்தட்ட உப்பிடித்தான்.

இஞ்ச நைஸ் எண்டு ஒரு அமைப்பு இருக்கு, எந்த நோய்க்கு என்ன வைத்தியம் குடுக்கலாம் எண்டு இங்கிலாந்து டொக்டர்மாருக்கு வழிகாட்டுறது. 2022இல அவை புதுசா எழுதின மனச்சோர்வு வழிகாட்டியில, கடுமை குறைஞ்ச மனச்சோர்வுக்கான சிகிச்சைப் பட்டியலில குழு உடற்பயிற்சியும் ஒண்டு. எட்டுப் பேர் அளவில ஒரு குழு, ஒரு தடவைக்கு ஒரு மணித்தியாலம், வாரத்தில ஒண்டுக்கு மேற்பட்ட தடவை, பத்து வாரம், பயிற்றுநர் ஒருத்தர். அதாவது "நடவுங்கோ" எண்டு சீட்டில எழுதிப்போட்டு விடேல்ல. எத்தினை பேர், எவ்வளவு நேரம், எத்தினை கிழமை எண்டு மருந்துக்கு எழுதிற மாதிரியே எழுதியிருக்கினம்.

நான் போன குழுவில என்னைப் பிடிச்சு வச்சிருந்தது பயிற்சி இல்லை, அந்தப் பயிற்றுநர் பிள்ளைதான். ஒருநாள் போகாட்டி பின்னேரம் கோல் எடுப்பா. "ஏன் வரேல்லை" எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. "வியாழக்கிழமை அதே நேரம், அதே கதவு, நான் வெளியில நிப்பன்" எண்டு மட்டும் சொல்லுவா. மழையுக்க நிண்டிருக்கிறா.

ஆனா ஒண்டு, பத்து வாரம் முடிய எல்லாம் டக்கெண்டு நிண்டுபோச்சு. பிறகு என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. எங்களில ரெண்டு மூண்டு பேர் போன் நம்பர் மாத்தி வச்சிருந்தபடியா தப்பினம். முடிஞ்ச பிறகு என்ன எண்டதையும் முதலே யோசிச்சு வையுங்கோ தம்பி.

சந்தேகப்பிராணி

எண்கணக்கன் சார், நன்றி. 1999 ஆய்வைவிட 2012 ஆய்வை நீங்களே எடுத்துப் போட்டதுதான் எனக்கு நம்பிக்கை தந்துச்சு.

ஆனா லண்டன் அண்ணன் சொல்றதைப் படிச்சா எரிச்சல்தான் வருது. எட்டுப் பேருக்கு ஒரு பயிற்றுநர், வராதவங்களுக்கு போன். இங்க ஓபியில டாக்டர் ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்கினாலே பெரிசு. சீட்டுல ஒரு வரி எழுதிட்டா அந்த "மருந்தை" ஊட்டுற வேலை முழுக்க வீட்டுக்காரங்க தலையில. அதுவும் பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ. அவங்க யார்கிட்ட பயிற்சி எடுத்தாங்க?

எண்கணக்கன் (சென்னை)

அந்த மருந்தை ஊட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று, 2023இல் வெளியானது. பெரும்பாலான நோயாளிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்க விட்டார்கள். ஓட்டப் பிரிவில் 96 பேர், மாத்திரைப் பிரிவில் 45 பேர். 16 வாரத்தில் இரண்டு பக்கமும் தேறியவர்கள் கிட்டத்தட்ட சமம், 43இலிருந்து 45 சதவீதத்துக்குள். ஓடியவர்களின் எடை, இரத்த அழுத்தம் எல்லாம் மேம்பட்டன. ஆனால் மாத்திரையைச் சொன்னபடி எடுத்தவர்கள் 82 சதவீதம். ஓட்டத்தைச் சொன்னபடி செய்தவர்கள் 52. பெரும்பாலும் தாமாக விரும்பி, கண்காணிப்போடு, குழுவாகச் செய்தும் பாதிப் பேர்தான். ஆகவே உங்கள் தம்பி வரவில்லை என்றால் அதில் வினோதம் எதுவும் இல்லை. அப்பாவிடம் இந்த எண்ணைக் காட்டலாம்.

இரவுப்பணி (வேலூர்)

மனநலப் பிரிவுல செவிலியரா இருக்கேன். முதல்ல கவனமா இருக்க வேண்டியதைச் சொல்லிடறேன்.

சாவைப் பத்திப் பேசறாங்க, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி"ன்னு சொல்றாங்க, சாப்பாடு தண்ணியே நிறுத்திட்டாங்கன்னா நடையைப் பத்தி யோசிக்கிற நேரம் அது இல்ல. அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். ராத்திரியில யாரையும் பிடிக்க முடியலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். இலங்கையில இருக்கிறவங்களுக்கு 1926.

மாத்திரை விஷயம். அமிட்ரிப்டிலின் மாதிரி பழைய மாத்திரை எடுக்கிறவங்களுக்குப் படுத்து எழுந்தா தலை சுத்தும். கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்துட்டுத்தான் கிளம்பணும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கிற லித்தியம் எடுக்கிறவங்க வெயில்ல வியர்க்க வியர்க்க நடந்துட்டுத் தண்ணி குடிக்காம இருந்தா ரத்தத்துல லித்தியம் ஏறிடும். நடந்ததுல கால் வலிக்குதுன்னு மெடிக்கல்ல ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலும் அதே ஆபத்து. இதைச் சீட்டுல யாரும் எழுத மாட்டாங்க, அதான் இங்க எழுதறேன். அப்புறம், ஆளே மாறின மாதிரி திடீர்னு ராத்திரி ரெண்டு மூணு மணி நேரமே தூங்கி, ஊரைச் சுத்தி நடந்து, நிறுத்தாம பேசினா "ஆஹா குணமாயிடுச்சு"ன்னு சந்தோஷப்படாதீங்க. மனசு சோர்வுலருந்து அளவுக்கு மீறின எழுச்சிப் பக்கம் (மேனியா) சாயுதுன்னு அர்த்தமா இருக்கலாம், டாக்டருக்குச் சொல்லுங்க.

சந்தேகப்பிராணி கேட்டாரே, யார்கிட்ட பயிற்சின்னு. கோவாவுல சங்கத்துன்னு ஒரு அமைப்பு, ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஒரு முயற்சி செஞ்சாங்க. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு இருக்கிறவங்களை ஆறுலருந்து எட்டுத் தடவை சந்திக்க வெச்சாங்க. பேச்சோட மையம் ஒண்ணே ஒண்ணு: மனசு சரியானப்புறம் வேலை செய்யலாம்னு காத்திருக்காம, சின்ன வேலையா ஒண்ணைத் தொடங்குறது, மனசு பின்னால வரும். 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. மூணு மாசத்துல தேறினவங்க 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள்ல 39. அது உடற்பயிற்சி ஆய்வு இல்ல, தோட்டவேலை, கோயில், பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாம் அதுல அடக்கம். ஆனா செய்யவைக்கிற முறை இதேதான். நம்ம ஊர்ல மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டம் 2021லருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசல்ல கொண்டுவந்து கொடுக்குது, பிசியோவும் வீட்டுக்கு வர்றாங்க. அந்தத் திட்டத்துல வீடு வீடா வர்ற பெண்கள்கிட்டயே இந்த வேலையையும் கொடுத்து, அதுக்கான சம்பளத்தையும் கொடுத்தா முடியாததா என்ன?

காவிரிக்கரையான் (திருச்சி)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒவ்வொண்ணையும் நிதானமாப் படிச்சேன். இரவுப்பணி மேடம், சாவைப் பத்தின பேச்சு இல்ல, நேரடியாவே கேட்டுட்டேன்.

மதுரை சார் சொன்ன மாதிரி சாயங்காலம் "பால் வாங்க வா"ன்னு சொல்லி நின்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் லுங்கியோடயே வந்தான். கோபுரம் பக்கம் போக வேண்டாம், கூட்டம்னான். பின்பக்கத் தெரு வழியா போய் வந்தோம். ஒண்ணும் பேசல. மறுநாளும் வந்தான். அதுக்கடுத்த நாள் "முடியலடா, விடு"ன்னு திரும்பிப் படுத்துட்டான். விடணுமா, வற்புறுத்தணுமா? அதான் புரியல. அப்பா வேற "ஒரு லிட்டர் பாலுக்கு ரெண்டு தடிமாடு"ன்னு முணுமுணுக்கிறார். அரசாங்கம் மாவட்டத்துக்கு ஒண்ணா எட்டு கிலோமீட்டர் நடைபாதை போட்டிருக்காமே, நடப்போம் நலம் பெறுவோம்னு, அங்க கூட்டிட்டுப் போன்னும் சொல்றார்.

எலும்பும்தசையும் (மதுரை)

லுங்கியோட வந்தாரே, அது போதும் சார்.

எட்டு கிலோமீட்டர் இப்ப வேண்டவே வேண்டாம். நல்ல திட்டம்தான், நானே போயிருக்கேன். ஆனா அது ஏற்கெனவே நடக்கிறவங்களுக்கு.

முடியாத நாளுக்குன்னு ஒரு குட்டி அளவை இப்பவே, அவர் நல்லா இருக்கிற நேரத்துல, அவர்கிட்டயே கேட்டு வெச்சுக்குங்க. "ரொம்ப முடியாத நாள்ல என்ன செய்யலாம்? கேட் வரைக்குமா, திண்ணையில உட்காரவா?" அவர் எதைச் சொல்றாரோ அதுதான். அன்னிக்கு அதைச் செஞ்சா நடந்த மாதிரியே கணக்கு. அதுவும் முடியலைன்னா ஒரு தடவை கேளுங்க, அஞ்சு நிமிஷம் நில்லுங்க, அப்புறம் நீங்க மட்டும் போய் பால் வாங்கிட்டு வந்துடுங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. மறுநாள் அதே நேரம் மறுபடி வாசல்ல நில்லுங்க. நேத்து வராததைப் பத்தி ஒரு வார்த்தையும் பேசாதீங்க. லண்டன் அண்ணன் சொன்ன பயிற்றுநர் செஞ்சது அதேதான்.

காலண்டர்ல டிக் போடுறது சிலருக்கு உதவும், சிலருக்கு வாட்ச் மாதிரியே குத்தும். அவரைக் கேட்டுட்டுச் செய்ங்க.

மாடித்தோட்டம் (கோவை)

அப்பாவுக்கு ஒரு வேலை கொடுத்துடுங்க. வேலை இல்லாததாலதான் வாய் பேசுது. எங்க வீட்ல மாமனாருக்கு நாங்க திரும்பி வர்றப்ப டீ போட்டு வைக்கிற பொறுப்பு. சர்க்கரை ஒரு நாளும் சரியா இருந்ததில்ல. ஆனா அறிவுரை நின்னுபோச்சு.

பனங்கிழங்கு (யாழ்ப்பாணம்)

எல்லாரும் நடை நடை எண்டு கதைக்கிறியள். நடையில ஒரு கரைச்சல் இருக்கு, கால் தன்பாட்டில போகும், தலைக்குள்ள அதே யோசினைதான் ஓடும். என்ர சிநேகிதன் ஒருத்தன் நடந்து நடந்தே இன்னும் கூடுதலா யோசிச்சவன். அவனை எடுத்துவிட்டது கரப்பந்து (வொலிபோல்). எங்கட ஊரில பின்னேரத்தில சனசமூக நிலையத்துக் காணியில வலை கட்டிருவாங்கள். முதல் கொஞ்ச நாள் பந்து பொறுக்கிக் குடுக்கத்தான் கூப்பிட்டவங்கள். ஆள் குறைஞ்ச ஒருநாள் "உதில நில்லடா" எண்டு விட்டாங்கள். பந்து முகத்துக்கு நேர வரேக்க கடந்த காலத்தை யோசிக்கேலாது பாருங்கோ. தம்பி பள்ளிக்கூடத்தில என்ன விளையாடினவர் எண்டு கேட்டுப் பாருங்கோ.

காவிரிக்கரையான் (திருச்சி)

ஷட்டில் ஆடுவான்! காலேஜ் டீம். இத்தனை நாள் எனக்கு இது தோணவே இல்ல. ராக்கெட் பரண் மேலதான் கிடக்கும். ஆனா இப்பவே ஆடச் சொல்லலாமா? இன்னும் ஒரு கேள்வி, ஆபீஸ் வேலையா அடுத்த மாசம் ரெண்டு வாரம் நான் ஹைதராபாத் போகணும். இப்பதான் கொஞ்சம் பிடி கிடைச்சிருக்கு. அப்ப யார் கூட்டிட்டுப் போறது? நல்லாயிட்டா மாத்திரையை நிறுத்திடலாமான்னும் கேக்குறான்.

இரவுப்பணி (வேலூர்)

மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நல்லா ஆனப்புறமும் குறைஞ்சது ஆறு மாசமாவது தொடரச் சொல்வாங்க, நிறுத்துறப்பவும் டாக்டர்தான் படிப்படியாக் குறைப்பார். "நடக்கிறேன், அதான் நிறுத்திட்டேன்"னு வந்து மறுபடி அட்மிட் ஆனவங்களை வார்டுல பார்த்திருக்கேன். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போறப்ப எந்த நேரம் நடக்கிறான், எவ்வளவு தூரம், எந்தெந்த நாள் விட்டுப்போச்சுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டுப் போங்க. மாத்திரை அளவை மாத்துறதுக்கு அது அவருக்கு உதவும்.

எலும்பும்தசையும் (மதுரை)

ஷட்டில் ஆடலாம், ஆனா உடனே கோர்ட்டுக்கு வேண்டாம். ஒரு காலத்துல டீம்ல ஆடினவருக்கு இப்ப நாலு ஷாட் தவறினா அதுவே பெரிய அடி. முதல்ல மாடியிலயோ தெருவுலயோ நீங்க ரெண்டு பேர் மட்டும், பாயிண்ட் எண்ணாம தட்டுங்க. நீங்க மோசமா ஆடுறவர்னா இன்னும் நல்லது.

ஹைதராபாத் போறதுக்கு முந்தி இன்னொரு ஆளைப் பழக்கிடுங்க. போற அன்னிக்கு "இனிமே இவர் வருவார்"னு விட்டுடக் கூடாது. இப்பவே அவர் வாரத்துல ரெண்டு நாள் உங்க கூடச் சேர்ந்து வரட்டும், அப்புறம் ஒரு நாள் நீங்க இல்லாம. அந்தக் காலேஜ் டீம்ல யாராவது திருச்சியிலயே இருக்காங்களான்னு பாருங்க. அவர்கிட்ட நோயைப் பத்தி எவ்வளவு சொல்லலாம்ங்கறதைத் தம்பிகிட்டயே கேட்டுக்குங்க. அப்பாவை அந்த ரெண்டு வாரத்துக்குப் போடாதீங்க, அவருக்கு டீயே இருக்கட்டும்.